கோடை நாளில் மன்னார்த் தீவு: கொழும்பிலிருந்து பறவை பார்க்கப் புறப்படும் புதியவர்களுக்கு

பறவை பார்த்துப் பழகிய எவரிடமேனும் மன்னாருக்கு எப்போது போகலாம் என்று கேட்டுப் பாருங்கள். கார்த்திகை பிறக்கட்டும், வலசைப் பறவைகள் வந்து சேரட்டும் என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலில் பிழையில்லை. வடக்கேயிருந்து வரும் உள்ளான்களும் வாத்துகளும் பூநாரைகளும் அந்த மாதங்களில் தீவின் களப்புகளை நிறைத்துவிடும். ஆனால் பறவை பார்க்க இப்போதுதான் தொடங்கும் ஒருவர் முதன்முதலாக அந்தப் பெருங்கூட்டத்தின் முன் போய் நிற்பது, ஆடிவேல் ஊர்வலத்தின் நடுவே நின்றுகொண்டு முகங்களை மனப்பாடம் செய்ய முயல்வதைப் போன்றது. சாம்பலும் பழுப்புமாக, ஒன்றைப் போலவே மற்றொன்று தோன்றும் இருபது வகை உள்ளான்கள் ஒரே சேற்றில் மேய்ந்தால், புதியவருக்கு மிஞ்சுவது தலைவலிதான். கோடையில் வகை குறைவு; இருப்பவற்றுள் பெரும்பகுதி அந்த மண்ணிலேயே வாழ்பவை; அவற்றுட் பல இனப்பெருக்கக் கோலத்தில், நிறம் தெளிந்து, குஞ்சும் குடும்பமுமாக நிற்கும். ஆகவே முதற் பயணத்தைக் கோடையில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை.

மாதமும் கிழமையும்

கோடை என்ற சொல் கொழும்பில் இருப்பவரைக் குழப்பக்கூடும். தென்மேற்குப் பருவமழையில் நாம் குடை பிடித்துக்கொண்டு வெள்ளவத்தைச் சந்தையில் நிற்கும் வைகாசி, ஆனி மாதங்களில் மன்னாரில் ஒரு துளி மழை கிடைப்பதே அரிது. அந்தப் பருவக் காற்று தன் ஈரத்தைத் தெற்கிலும் மேற்கிலும் கொட்டிவிட்டு, வறண்ட சோளகமாகத்தான் மன்னாருக்கு வந்து சேர்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை நிலம் வெடித்துக் கிடக்கும். ஆழங்குறைந்த களப்பின் ஓரங்கள் வற்றி, உப்புப் படிந்து வெளுத்திருக்கும். தண்ணீர் சுருங்கச் சுருங்கப் பறவைகளும் எஞ்சிய நீர்நிலைகளை அண்டி ஒதுங்கும் என்பதால், தேடும் வேலை நமக்குக் குறைகிறது.

இந்த ஐந்து மாதங்களுள் ஜூன் நடுப்பகுதி முதல் ஜூலை இறுதி வரையான காலத்தையே நான் தெரிவு செய்வேன். நாளைக் குறிக்கும்போது மடுத் திருவிழாவை மறந்துவிட வேண்டாம். ஜூலை 2ஆம் திகதிக்கும் ஓகஸ்ட் 15ஆம் திகதிக்கும் முன்பின்னான நாட்களில், மன்னார் வழியே செல்லும் பஸ்களில் நிற்பதற்கும் இடமிராது, விடுதிகளும் நிரம்பியிருக்கும். யாத்திரைக்கென்றே போகிறவர்கள் போகட்டும். பறவைக்காகப் போகிறவர்கள் வேறு கிழமையைப் பார்ப்பது நல்லது.

புறப்படுவதற்கு முன், கொழும்பில்

பயணத்துக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே ஆயத்தத்தைத் தொடங்குங்கள். பைனொக்குலரை மன்னாரில் வைத்துத்தான் முதன்முதலாக உறையிலிருந்து எடுப்பது என்று இருந்துவிட்டால், காலைப்பொழுதில் பாதி அதைத் திருகுவதிலேயே கழிந்துவிடும். பேர ஏரிக்கரையில் கூழைக்கடாவும் நீர்க்காகமும் அசையாமல் உட்கார்ந்து உங்களுக்காகக் காத்திருக்கின்றன. அவற்றைப் பார்த்துப் பார்வையைக் கூர்மைப்படுத்தப் பழகுங்கள். அடுத்து, ஓடுகின்ற காகத்தையும் பறக்கின்ற புறாவையும் தொடர்ந்து பாருங்கள். பறவையைக் கண்ணால் கண்டதும், கண்ணை அதிலிருந்து எடுக்காமலே பைனொக்குலரை உயர்த்திக் கண்ணுக்குக் கொண்டுவருவதுதான் முறை. புதியவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு: குனிந்து கருவியைப் பார்த்து, எடுத்துக் கண்ணில் வைத்து, பிறகு வானமெங்கும் பறவையைத் தேடுவார்கள்.

கடலோரப் பயிற்சிக்கு மட்டக்குளிக் காக்கைத்தீவுக் கடற்கரையை ஒரு காலைப்பொழுது ஒதுக்கலாம். களனி ஆறு கடலோடு சேரும் இடத்துக்கு அருகில் அமைந்த அந்தக் கரையில் காற்றும் உண்டு, கண்கூசும் நீர்ப்பரப்பும் உண்டு. மன்னாரில் உங்களைச் சோதிக்கப்போகும் இரண்டும் இவையே. செம்பருந்து வட்டமிடுவதையும், கொக்குகள் கரையோரம் இரை தேடுவதையும் பார்த்து, ஒவ்வொன்றைப் பற்றியும் கொப்பியில் மூன்று வரி எழுதுங்கள். உடலின் அளவு, அலகின் வடிவம், என்ன செய்துகொண்டிருந்தது என்ற மூன்றும் முதலில் வர வேண்டும். நிறம் கடைசியில் வந்தால் போதும். வெளிச்சம் மாறினால் நிறம் மாறிவிடும், அலகு மாறாது.

தனியாகத் தொடங்கத் தயங்குபவர்கள் இலங்கைக் களப் பறவையியல் குழுவை நாடலாம். 1976இல் தொடங்கிய அந்தக் குழு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையோடு சேர்ந்து இயங்கிவருகிறது. பழகியவர்களோடு ஒரு தடவை நடந்து பார்த்தால், புத்தகத்தில் பத்து நாட்களில் படிப்பது ஒரு காலையில் விளங்கிவிடும்.

கையோடு கொண்டுசெல்ல வேண்டியவை

பைனொக்குலரின் மேல் 8×42 என்று எழுதியிருந்தால், எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும், முன்வில்லையின் விட்டம் 42 மில்லிமீற்றர் என்று பொருள். கடையில் பத்து மடங்கைத்தான் எடுத்து நீட்டுவார்கள். பெரிதாகத் தெரியுமே என்று நமக்கும் ஆசை வரும். சோளகக் காற்றில் கை நடுங்கும்போது அந்த நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும் என்பதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். மன்னாருக்கு எட்டே போதும். கண்ணாடி அணிபவர்கள் கண்பக்கத்து றப்பர் வளையத்தைக் கீழே இறக்கிவிட்டுப் பார்த்தால் முழு வட்டமும் தெரியும். முக்காலியில் நிறுத்திப் பார்க்கும் தொலைநோக்கி ஒன்று குழுவுக்கு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லீற்றராவது வேண்டும். கழுத்தை மூடும் தொப்பி, அதைக் காற்றுக் கொண்டுபோகாமல் தாடையோடு கட்ட ஒரு நாடா, முழுக்கைச் சட்டை, உப்பும் சீனியும் சேர்ந்த ஜீவனிப் பொதி, தேசிய அடையாள அட்டை ஆகியவை அவசியமானவை. குடை வேண்டாம்; அந்தக் காற்றில் அது மடங்கிப்போவதோடு, விரிந்த குடையைக் கண்டதும் பறவைகளும் எழுந்துவிடும். சட்டை வெள்ளையாகவோ பளிச்சென்ற சிவப்பாகவோ இராமல், மணலும் பனையோலையும் சேர்ந்த ஒரு நிறத்தில் இருக்கட்டும்.

பயணம்

கொழும்பிலிருந்து மன்னார் 300 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. புறக்கோட்டையில் ஏறும் பஸ் புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி வழியாகச் செல்லும். ஏறத்தாழ ஏழு மணி நேரம் பிடிக்கும். கோட்டையிலிருந்து தலைமன்னார் வரை ரயில் பாதையும் உண்டு. போரினால் நெடுங்காலம் மூடிக்கிடந்த அதன் கடைசிப் பகுதி 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது. நீங்கள் போகும் கிழமையில் சேவை நடக்கிறதா, எத்தனை மணிக்கு என்பதைக் கோட்டை நிலையத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரவு முழுக்க பஸ்ஸில் குலுங்கிவிட்டு விடியற்காலையில் நேரே களத்தில் இறங்குவது இளவயதினருக்கு ஒத்துவரலாம். மற்றவர்கள் முதல்நாள் பகலிலேயே புறப்பட்டு, மாலை மன்னார் நகரில் இறங்கி, நேரத்தோடு படுத்துவிடுவதே உத்தமம். மறுநாளுக்கு ஒரு முச்சக்கரவண்டியை அன்று மாலையே பேசி வையுங்கள். விடிய ஐந்தரைக்கு வர வேண்டும், சொன்ன இடத்தில் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் இயந்திரத்தை அணைக்க வேண்டும் என்ற மூன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பறவை பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தீர்களா என்று அவர் சிரிப்பார். பத்து மணிக்குள் அவரே பறவையைக் காட்டித் தரத் தொடங்கிவிடுவார்.

விடியல்: தாம்போதி

சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன்னதாக எழும். அதற்குள் நீங்கள் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதியின் தள்ளாடிப் பக்கத்து முனையில் இருக்க வேண்டும். ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் நீளமான இந்தப் பாதையில் பெருநிலத்திலிருந்து தீவை நோக்கி நடந்தால் காலை வெயில் முதுகில் விழும்; பார்க்கும் பறவைகள் எல்லாம் வெளிச்சத்தில் நிற்கும். எதிர்த்திசையில் நடந்தால் கறுப்பு நிழல்களைத்தான் எண்ண வேண்டிவரும். பாரவண்டிகள் வேகமாக வரும் வீதி இது. ஆகவே ஓரத்து அகலமான இடங்களில் மட்டும் நில்லுங்கள். பைனொக்குலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஓர் அடியும் எடுத்துவைக்காதீர்கள்.

பெருநிலப் பக்கத்தில் விரிந்து கிடப்பது வங்காலைச் சரணாலயத்தின் வெளிகள். 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்த 4,839 ஹெக்டேயர் நிலம், 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மழைகாலத்தில் ஏரிபோலத் தளும்பும் இந்த வெளி கோடையில் பாதிக்குமேல் காய்ந்துவிடும். எஞ்சிய தண்ணீரில் முதலில் கண்ணில் படுவது நெடுங்கால் உள்ளான். பவளக்காலி என்றும் அதற்குப் பெயர் உண்டு; ஒருமுறை பார்த்துவிட்டால் அந்தப் பெயருக்கு விளக்கம் தேவைப்படாது. ஊசிபோன்ற கறுப்பு அலகு, கறுப்புச் சிறகு, வெள்ளை உடல், உடலுக்குச் சற்றும் பொருந்தாத நீளத்தில் இளஞ்சிவப்புக் கால்கள். புதியவர் முழு நம்பிக்கையோடு பெயர் சொல்லக்கூடிய முதற் பறவை இதுவாக இருக்கட்டும். அதனருகே கரண்டிவாயன் தன் தட்டையான அலகைத் தண்ணீரில் இடமும் வலமுமாக வீசிக்கொண்டு நடக்கலாம். மஞ்சள்மூக்கு நாரையும் சாம்பல் நாரையும் ஆழமான பகுதியில் நிற்கலாம். பூநாரைகள் பெரும்பாலும் குளிர்காலத்து விருந்தினர் என்றாலும், ஒரு சிறு கூட்டம் கோடையிலும் தங்கிவிடுவதுண்டு. தூரத்தில் கானலுக்குள் இளஞ்சிவப்பாக ஏதேனும் நடுங்கினால், அது கண்ணின் மயக்கம் என்று விட்டுவிடாமல் நின்று பாருங்கள்.

வலசை வந்த உள்ளான்கள் அனைத்தும் திரும்பிப் போய்விடுவதில்லை. இன்னும் இனப்பெருக்க வயதை எட்டாத இளம் பறவைகளில் ஒரு பகுதி வடக்கே செல்லாமல் இங்கேயே கோடையைக் கழிக்கும். வளைந்த நீண்ட அலகுள்ள கோட்டான்களை (ஆந்தையையன்று, அப்பெயர் கொண்ட பெரிய உள்ளானை) ஜூலையில் பார்த்தால் வியப்படையத் தேவையில்லை. அவை நிறம் மங்கி, இறகு தேய்ந்திருக்கும். புத்தகப் படத்தோடு பொருந்தவில்லையே என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல், 'கோட்டான், ஒன்று' என்று எழுதிவிட்டு நகருங்கள்.

உப்பு வெளியில் ஒரு சிறு பறவை

கோடை மன்னாரில் ஒரேயொரு பறவையைத்தான் பார்க்கலாம் என்று யாரேனும் கட்டளையிட்டால், அந்தக் காலை முழுவதையும் அனுமன் உப்புக்கொத்திக்குக் கொடுப்பேன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பறவை. மேலே உலர்ந்த மணலின் பழுப்பு, கீழே தூய வெள்ளை, கழுத்தின் இருபுறத்திலும் ஒவ்வொரு கருந்தீற்று. இதைத் தனி வகையாக 1915இலேயே விவரித்திருந்தும், பின்னர் ஐரோப்பா முதல் ஆசியா வரை பரவிய வேறோர் உப்புக்கொத்தியோடு சேர்த்துக் கணக்கை முடித்துவிட்டார்கள். மரபணுவையும் உடலளவுகளையும் ஒப்பிட்டு, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் நிலையாக வாழும் இந்தப் பறவை தனி இனந்தான் என்று 2023இல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். இராமர் அணைக்கு அருகில் வாழ்வதால் அணை கட்டியவனின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அவ்வளவு பெரிய பெயரைச் சுமந்துகொண்டு அது உப்புத் தரையில் சில்லிபோல உருண்டோடுவதைப் பார்ப்பது தனிச் சுகம்.

தாம்போதியின் இருபுறத்து உப்பு வெளிகளிலும் கரையோர மணலிலும் அதைத் தேடுங்கள். தேடும் முறை இதுதான்: நின்ற இடத்தில் நின்று, பத்து மீற்றர் தொலைவிலிருந்து தொடங்கித் தரையைப் பட்டை பட்டையாகக் கண்ணால் துழாவுங்கள். தரை அசைந்தது போலிருக்கும், நிறுத்திப் பார்த்தால் ஒன்றும் இராது, மறுபடி அசையும். உப்புக்கொத்திகள் விறுவிறுவென்று ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒரு கொத்துக் கொத்தும், மறுபடி ஓடும். உள்ளான்களோ நின்ற இடத்திலேயே சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொண்டால், குளிர்காலத்தில் வரும் பெருங்கூட்டத்தை முதல் பார்வையிலேயே இரண்டாகப் பிரித்துவிடலாம்.

இப்போது ஓர் எச்சரிக்கை. இந்தக் கட்டுரையில் வேறெதையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். இந்தப் பறவை கூடு கட்டுவதில்லை. மணலில் ஒரு சிறு குழிவு, அதில் இரண்டோ மூன்றோ முட்டைகள். அவற்றின் மேல் மணலும் கரித்தூளும் சிந்தியது போன்ற புள்ளிகள். என் முதற் பயணத்தில் பறவையொன்று எனக்கு முன்னால் ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு, அடிபட்டது போலத் தள்ளாடி ஓடியது. ஐயோ பாவம் என்று பின்தொடர்ந்தேன். வலையோடு வந்த முதியவர் ஒருவர் தூரத்திலிருந்தே, "தம்பி, அங்காலை போகாதையுங்கோ, காலடியைப் பாருங்கோ" என்று குரல் கொடுத்தார். குனிந்து பார்த்தேன், என் பாதத்துக்கும் அந்த முட்டைகளுக்கும் இடையே ஒரு சாண் கூட இல்லை. சிறகு ஒடிந்ததெல்லாம் நடிப்பு. நம்மைக் கூட்டிலிருந்து வேறு பக்கம் இழுத்துப்போகும் உபாயம்.

அத்தகைய நடிப்பைக் கண்டாலோ, ஒரு பறவை உங்களைச் சுற்றிச் சுற்றிக் கத்தினாலோ, வந்த காலடித் தடத்திலேயே பின்வாங்குங்கள். கோடையில் இது இரட்டிப்பாக அவசியம். அந்த உப்புத் தரையில் தாய்ப்பறவை உட்காருவது முட்டைக்குச் சூடு கொடுக்க மட்டுமன்று, நிழல் கொடுக்கவும்தான். தண்ணீரில் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டைகளைக் குளிர்விப்பதும் உண்டு. நல்லதொரு படம் கிடைக்கும் வரை ஒருவர் கூட்டருகே கால்மணி நேரம் நின்றுவிட்டால், அதற்குள் முட்டை வெந்துபோகக்கூடும். கூட்டைப் படமெடுக்காதீர்கள், அது இருக்கும் இடத்தை அடையாளம் காட்டி எவருக்கும் அனுப்பவும் வேண்டாம்.

ஒன்பது மணி முதல் பத்தரை வரை: பனைகளும் பற்றைகளும்

வெயில் ஏறக் கானல் எழும்பி, நீர்ப்பரப்பின் மேல் எல்லாம் நெளியத் தொடங்கும். அப்போது களப்பை விட்டுவிட்டுத் தீவின் உட்பக்கம் திரும்புங்கள். நகரிலிருந்து தாராபுரம், எருக்கலம்பிட்டிப் பக்கம் செல்லும் சிறு வீதிகளில் பனைகளுக்கும் உடை முட்பற்றைகளுக்கும் இடையே, கொழும்பில் பழகிய பறவைகளின் வடபுலத்து உறவினர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டு மதிலில் வந்து உட்காருவது கழுத்தில் புள்ளி நிறைந்த புள்ளிப்புறா. இங்கே மின்கம்பியில் இருப்பதோ வெளிர் சாம்பல் உடலும் பின்கழுத்தில் ஒரு மெல்லிய கறுப்பு வளையமும் கொண்ட கள்ளிப்புறா. கொழும்புப் பக்கத்துத் தென்னையில் கொத்துவது இலங்கைக்கே உரிய செம்முதுகு மரங்கொத்தி; மன்னார்ப் பனையில் கொத்துவதற்கு முதுகு பொன்மஞ்சள். நம் செம்பருந்து இங்கும் உண்டு. ஆயினும் அதனோடு கூடப் பறக்கும் பழுப்புப் பருந்தின் வால் நுனி கவைபோல உள்வாங்கியிருந்தால், அது கொழும்பில் அநேகமாகக் காணக்கிடைக்காத கரும்பருந்து.

இதற்கு மேல் பட்டியலை நீட்டவில்லை. பனங்காடையையும் நீளவால் கீச்சானையும் கம்பியில் தேடுங்கள். பனையோலைகளைச் சுற்றி அம்புபோலப் பாயும் பனை உழவாரனை நிமிர்ந்து பாருங்கள். கவுதாரி முதலில் காதில்தான் விழும். வெட்டவெளியில் சாம்பல்தலை வானம்பாடி ஆண் மேலே எழுந்து, கல்லைப்போல விழுந்து, தரையைத் தொடும் முன் மறுபடி எழும் விளையாட்டைக் கண்டால் மட்டும் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு முழுதாகப் பாருங்கள்.

நடுப்பகல்

பதினொன்று முதல் மூன்றரை வரை எதையும் பார்க்க முயலாதீர்கள். பறவைகளே நிழலுக்குப் போய்விட்ட வேளையில் நாம் வெயிலில் நின்று வீரம் காட்டுவதால் ஆகப்போவது மயக்கம் மட்டுமே. நகரில் மீன் குழம்போடு சோறு சாப்பிட்டுவிட்டு, பள்ளிமுனைப் பெருக்கமரத்தின் நிழலில் போய் உட்காரலாம். அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் அந்த ஆபிரிக்க மரத்தின் அடியில், ஊர்க் கழுதைகளும் இடம் பிடித்திருக்கக்கூடும். காலையில் எழுதிய குறிப்புகளைப் புத்தகத்தோடு ஒப்பிட இதுவே சரியான நேரம். களத்தில் நின்றுகொண்டு புத்தகத்தைப் புரட்டினால் பறவை பறந்துவிடும். பார்த்ததை எழுதுவது களத்தில், பெயர் தேடுவது நிழலில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெயர் பிடிபடாதவற்றை 'தெரியாத உள்ளான்' என்று அப்படியே விட்டுவைப்பது இழுக்கு அல்ல. ஊகித்து எழுதிய பெயர்தான் பிறகு தொல்லை தரும்.

பிற்பகல்: தலைமன்னார்

மூன்றரைக்குப் புறப்பட்டால் பேசாலையைத் தாண்டி நாலரைக்குள் தலைமன்னார் போய்ச் சேரலாம். வழியில் தெற்குக் கரையோரம் சுழல்வன 'தம்பபவனி' காற்றாலைகள், மொத்தம் முப்பது. வலசைப் பாதையில் அவற்றை நட்டது சரியா என்ற விவாதம் பறவை பார்ப்போரிடையே இன்னும் ஓயவில்லை. சோளகம் வீசும் மாதங்களில் தீவின் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் ஒப்பீட்டளவில் அடங்கிக் கிடக்கும். மீனவர் வள்ளங்களை எந்தப் பக்கம் இறக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தால் உங்களுக்கும் வழி தெரிந்துவிடும். மணல் முகத்தில் அடிக்காத பக்கத்தில், பழைய இறங்குதுறையை அண்டிய கரையில், காற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை, கொழும்பிலிருந்து ரயிலில் வந்தவர்கள் இவ்விடத்தில்தான் கப்பலேறி அக்கரையில் இருந்த தனுஷ்கோடியைச் சேர்ந்தார்கள்.

இங்கே நாம் வந்தது ஆலா என்னும் கடற்பறவைகளுக்காக. கடற்காகத்தைவிட மெலிந்த உடல், கூரிய சிறகு, கவைபட்ட வால், நின்று மிதந்து சட்டென்று தலைகுப்புறப் பாயும் வேட்டை என்பன ஆலாவின் பொதுக்குணங்கள். பிரித்தறிய அலகைப் பாருங்கள். மஞ்சள் அலகின் நுனி கறுத்து, நெற்றி வெளுத்து, கையளவு உடலோடு படபடவென்று சிறகடித்தால் சிற்றாலா. காகத்தை ஒத்த உடலும், நீண்ட வெளிர்மஞ்சள் அலகும், பிடரியில் கலைந்த கொண்டையும் இருந்தால் பெரிய கொண்டை ஆலா. அலகு தடித்துக் கறுத்திருந்தால் அது வேறொரு வகை. முதல் நாளில் இந்த இரண்டையும் ஐயமின்றிப் பிரித்துவிட்டால் போதும். முதுகு கருமையான ஆலாவொன்று அலையை ஒட்டித் தாழப் பறந்து போனால், நேரத்தையும் திசையையும் குறித்துவைத்து, பழகியவர் ஒருவரிடம் பிறகு விசாரியுங்கள்.

இக்கரைக்கு அப்பால் தெரியும் மணல் திட்டுகளுக்கு வள்ளமேறிப் போகலாமே என்று யாரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள். இராமர் அணைத் திட்டுகளின் இலங்கைப் பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கோடை மாதங்களில் ஆலாக்கள் கூட்டங்கூட்டமாக முட்டையிடுவது அந்த வெறும் மணலில்தான். வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அங்கே கால்வைக்க முடியாது. அனுமதி கிடைத்தாலும் ஒரு புதியவர் முட்டைகளுக்கு நடுவே நடப்பதை நான் விரும்பமாட்டேன். கடற்படை முகாம்கள் அருகில் இருப்பதால் பைனொக்குலரையும் கமராவையும் முகாம்களின் பக்கம் திருப்பவும் வேண்டாம். சீருடையில் எவரேனும் வந்து விசாரித்தால் அடையாள அட்டையையும் பறவைப் புத்தகத்தையும் ஒன்றாக நீட்டுங்கள். புத்தகத்தைப் புரட்டி, இந்தப் பறவை எங்கள் முகாம் கூரையில் வந்து உட்காரும் என்று சொன்ன ஒருவரால் எனக்கு ஒரு மாலை முழுக்கக் கடற்கழுகு பார்க்கக் கிடைத்தது.

பொழுதுபட ஆலாக்கள் கரைப்பக்கம் வந்து, காற்றை எதிர்கொண்டு ஒரே திசையில் தலைவைத்து மணலில் வரிசையாக இறங்கும். நாள் முழுக்கப் பறந்துகொண்டே இருந்தவற்றை ஆற அமர ஒப்பிட்டுப் பார்க்க இதுவே வாய்ப்பு. நூறு மீற்றருக்குக் கிட்டப் போகாமல், தரையில் குந்தியபடியே எண்ணுங்கள். பத்துப் பறவைகளைச் சரியாக எண்ணி, அந்தப் பத்து பிடிக்கும் இடத்தைக் கண்ணால் அளந்து, கூட்டத்தில் அப்படி எத்தனை இடம் என்று கணக்கிடுவதே வழமை. வெளிச்சம் போவதற்கு முன் வண்டியில் ஏறிவிடுங்கள். தலைமன்னாரிலிருந்து நகருக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர், வழியில் கழுதைகளும் மாடுகளும் வீதியிலேயே படுத்திருக்கும்.

திரும்பிய பின்

குறிப்புகளை அன்றிரவே ஒழுங்குபடுத்தி, இடம், நேரம், எண்ணிக்கையோடு, பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் இணையத்தளத்தில் பதிந்துவிடுங்கள். வலசைக் காலத்துப் பதிவுகளை அனுபவமுள்ள பலரும் வந்து சேர்த்துவிடுவார்கள். கோடையில் போகிறவர்கள் சிலர்தான் என்பதால், 'நெடுங்கால் உள்ளான் 14, குஞ்சுகள் 3' என்ற ஒரு வரிக்கும் அங்கே பெறுமதி உண்டு.

பைனொக்குலரின் வில்லையில் கடலுப்பு ஒரு மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். சட்டை நுனியால் துடைத்துவிட்டால் உப்புத்துகளும் மணலும் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் வாயால் ஊதாமல் தூரிகையாலோ காற்றுப் பந்தாலோ மணலை நீக்கி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியால் உப்பை ஒற்றியெடுத்து, பிறகுதான் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். உறையில் போடுவதற்கு முன் ஓர் இரவு வெளியே உலரட்டும். வெள்ளவத்தையில் கடற்பக்கத்து வீடென்றால், யன்னலைச் சாத்திவிட்டு.